பதினேழாவது வரி

"ஒரு மணி நேரம். அதுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது" என்றார் கோர்ட் ரெக்கார்டு கிளார்க். "நகல் எடுக்கக் கூடாது. போன் வாசல்லயே இருக்கட்டும். பேப்பரைத் தொடலாம், மடிக்கக் கூடாது."

"மூச்சு விடலாமா சார்?" என்று கேட்டான் கண்டக்டர்.

கிளார்க் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பச்சை அட்டை போட்ட ரிஜிஸ்டரை மேஜைமீது வைத்தார். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைக் கழற்றி முன்னால் வைத்துக்கொண்டார். மணி பதினொன்று.

புரூஃப் அம்மா கண்ணாடியைத் துடைத்து மாட்டினாள். கோர்ட் வட்டாரத்தில் அதுதான் அவள் பெயர். இருபத்தொன்பது வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவள். அச்சகம் மூடிய பிறகு, பத்திரங்களைப் படித்துப் பார்க்கச் சொல்லி வக்கீல்கள் கூப்பிட ஆரம்பித்தார்கள். எழுத்துப் பிழையில் தொடங்கிய வேலை, போகப் போக மனிதர்கள் செய்கிற பிழைகளைப் பிடிப்பதில் வந்து நின்றது. கூட வந்தவன் அவள் கணவனின் தம்பி. பஸ்ஸில் டிக்கெட் கொடுத்ததைவிட வாய் கொடுத்தது அதிகம் என்று வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். வேலை போயிற்று, கண்டக்டர் என்ற பெயர் மட்டும் அவனோடு ஒட்டிக்கொண்டது.

விவகாரம் இதுதான். மில் குவார்ட்டர்ஸில் குடியிருக்கும் ஆயிரத்து நூற்றிருபது பேரின் பெயரை வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கியிருந்தார்கள். விசாரணைக்கு வரச் சொல்லி வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்தோம், ஒருவர்கூட வரவில்லை, அதனால் நீக்கினோம் என்றது பதிவு அலுவலகம். எங்கள் கைக்கு ஒரு துண்டுக் காகிதம்கூட வரவில்லை என்றார்கள் குவார்ட்டர்ஸ் மக்கள். எல்லோரும் சேர்ந்து ஒரு வக்கீலைப் பிடித்து வழக்குப் போட்டார்கள். நோட்டீஸ் வாங்கியதற்குக் கையெழுத்து இருக்கிறதா, கொண்டு வா என்றது கோர்ட். பதிவு அலுவலகம் இரண்டு வாரம் அவகாசம் கேட்டது. பதினான்காம் நாள் இந்த ரிஜிஸ்டர் வந்து சேர்ந்தது. இருபத்தெட்டுப் பக்கம், பக்கத்துக்கு நாற்பது வரி, வரிக்கு ஒரு பெயர், ஒரு கதவு எண், ஒரு கையெழுத்து.

இன்று இரண்டரை மணிக்குத் தீர்ப்பு. தேர்தலுக்கு இன்னும் ஒன்பது நாள். குவார்ட்டர்ஸ் ஓட்டு இருந்தால் இப்போதைய நகராட்சித் தலைவர் வீட்டுக்குப் போவார், இல்லாவிட்டால் நாற்காலியிலேயே இருப்பார் என்பது ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். "நீங்க ஒரு தடவை பாத்துடுங்கம்மா, ஜனங்க திருப்திக்காக" என்று நேற்றுதான் குவார்ட்டர்ஸ் மக்களின் வக்கீல் அவளை அழைத்திருந்தார்.

அவள் ரிஜிஸ்டரைக் கவிழ்த்து, கடைசிப் பக்கத்தைத் திறந்தாள்.

"என்ன அண்ணி, கிளைமாக்ஸ்லேருந்து பாக்கறீங்க?"

"முன்னாலேருந்து படிச்சா அர்த்தம் நம்மள இழுத்துட்டுப் போயிடும். பின்னாலேருந்து படிச்சாத்தான் எழுத்து தெரியும்."

விரல் வரி வரியாக மேலே ஏறியது. பதினேழாவது வரியில் நின்றது. முதலெழுத்து, ஒரு புள்ளி, அப்புறம் ஒரு கிறுக்கல். மற்ற வரிகளைப் போலத்தான். ஆனால் அந்த முதலெழுத்து "ர்."

"இதைப் பாரு" என்றாள் தணிந்த குரலில். "இவரோட அப்பா பேரு ர்-ல ஆரம்பிக்குதாம்."

கண்டக்டர் எட்டிப் பார்த்தான். "தூங்கிட்டிருக்கும்போது பேர் வெச்சிருப்பாங்க அண்ணி. குறட்டையையே எழுதிக்கிட்டாங்க."

அவள் சிரிக்கவில்லை. புள்ளி வைத்த மெய்யெழுத்தில் தமிழில் ஒரு சொல்லும் தொடங்காது. பெயர் மட்டும் எப்படித் தொடங்கும்? பக்கத்தைத் திருப்பினாள். இருபத்தேழாம் பக்கம், பதினேழாவது வரி: "பே." அதற்கு முந்தைய பக்கத்தில்: "து." அதே சாய்வு, அதே வால் நீட்டிய சுழி. மூன்று வெவ்வேறு வீட்டு மனிதர்கள், மூவருக்கும் ஒரே கை.

மற்ற வரிகளையும் அப்படியே ஒப்பிட்டாள். எல்லாப் பக்கத்திலும் மூன்றாவது வரி ஒரே கை. எல்லாப் பக்கத்திலும் முப்பதாவது வரி இன்னொரு கை.

"நாப்பது பேரை உக்கார வெச்சு, பேப்பரைச் சுத்தி விட்டிருக்காங்க. ஆளுக்கு ஒரு வரி" என்றாள்.

"ஒரே ஆளு போட்டிருந்தா கை கழண்டிருக்கும். இது பங்கு போட்டுப் பண்ணின பாவம்."

"மத்த முப்பத்தொம்பது பேரும் பேருக்குப் பொருத்தமாத்தான் முதலெழுத்து போட்டிருக்காங்க. பதினேழு மட்டும் வேற ஏதோ பண்ணுது. நான் சொல்றதை வலமிருந்து இடமா எழுதிட்டே வா."

கண்டக்டரின் சட்டைப் பையில் பழைய டிக்கெட் கட்டு எப்போதும் இருக்கும். ஒரு டிக்கெட்டின் பின்புறத்தில் எழுதினான். அவள் சொன்னாள், அவன் எழுதினான். பதினோராம் பக்கம் வரை வந்ததும் அந்த வித்தை நின்றுபோனது. பத்தாம் பக்கத்திலும் அதற்கு முன்னாலும் பதினேழாவது வரி யோக்கியமாக இருந்தது. பத்தாம் பக்கத்தில் மட்டும், கையெழுத்தின் தொடக்கத்தில் மை குளம் கட்டி நின்றிருந்தது. எழுத வந்த பேனா அங்கே வெகுநேரம் நின்றிருக்கிறது.

"நேரம் ஆச்சு" என்றார் கிளார்க்.

வெளியே வராந்தாவில் கண்டக்டர் டிக்கெட்டை நீட்டினான். பதினெட்டு எழுத்து. இடமிருந்து வலமாகப் படித்தாள்.

பழைய அச்சகம் மேல்மாடி நாற்பது பேர்.

கண்டக்டர் டிக்கெட்டை மறுபடி பார்த்தான். "இருபத்தொம்பது வருஷம் நீங்க குப்பை கொட்டின இடம் அண்ணி."

அவள் வாசலில் போனை வாங்கி வக்கீலைக் கூப்பிட்டாள். மனதில் பாரம் இறங்கிய சந்தோஷத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். நாற்பது கைகள், பதினேழாவது வரி, அச்சகம்.

"பதினேழா?" என்றார் வக்கீல். "நல்லாப் பாத்தீங்களா? பதினாறு, பதினெட்டு இல்லையே?"

"பதினேழுதான் சார்."

"வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல சார்."

"சொல்ல வேண்டாம். நீங்க அச்சகத்துக்கெல்லாம் போகாதீங்க, நான் ஆள் அனுப்பறேன். நிம்மதியா வீட்டுக்குப் போங்கம்மா. உங்க வேலை முடிஞ்சுது."

போனை வைத்த பிறகும் அந்தக் கேள்வி அவள் காதிலேயே நின்றது. இப்படி ஒரு செய்தி கிடைத்தால் எந்த வக்கீலும் முதலில் துள்ளிக் குதிப்பார். அப்புறம் என்ன எழுதியிருக்கிறது, இன்னொரு தடவை படியுங்கள் என்பார். இவர் எண்ணைத்தான் திரும்பக் கேட்டார்.

"வீட்டுக்குத்தானே அண்ணி?" என்றான் கண்டக்டர், அவள் எந்தப் பக்கம் திரும்புகிறாள் என்று தெரிந்துகொண்டே.

அச்சகம் நடந்து போகும் தூரம்தான். பங்காளிச் சண்டையில் கட்டடத்தைக் கோர்ட் பூட்டி நாலு வருஷம் ஆகிறது. இரும்புக் கதவு முழுக்கத் துரு. பூட்டு மட்டும் புதுசு, எண்ணெய் மினுமினுத்தது. கதவருகே தரையில் கார் சக்கரத்தின் தடம். மேல்மாடி ஜன்னல்களுக்கு உள்பக்கமாகக் காகிதம் ஒட்டியிருந்தார்கள்.

கதவில் ஒட்டியிருந்த கோர்ட் அறிவிப்பை அவள் படிக்கத் தொடங்கினாள். ஒட்டிய காகிதம் எதுவாக இருந்தாலும் கடைசி வரி வரை படிக்காமல் அவளால் நகர முடியாது. இந்தச் சொத்து வழக்கில் உள்ளது. அத்துமீறி நுழைவோர் தண்டிக்கப்படுவர். சாவியும் பொறுப்பும் கோர்ட் நியமித்த ரிசீவர் வசம். கீழே ரிசீவரின் பெயரும் முத்திரையும்.

கடைசி வரியை அவள் இரண்டு தடவை படித்தாள். நேற்று அவளை அழைத்து வேலை கொடுத்தாரே, அதே பெயர்.

"அண்ணி, முகம் ஏன் இப்படி வெளுத்துப் போச்சு?"

"சாவி நம்ம வக்கீல்கிட்ட இருக்கு."

"அப்போ அவரு எந்தப் பக்கத்து வக்கீல்?"

"ரெண்டு பக்கமும். அடுத்த மாசம் அரசு வக்கீல் பதவி காலியாகுதுன்னு பேச்சு. தலைவர் கை காட்டற ஆளுக்குத்தான் கிடைக்கும்." அவள் கதவை விட்டு விலகினாள். "ரிஜிஸ்டர் ஒரு கூரான கண்ணுக்குத் தாங்குமான்னு பாக்கத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கார். ஓட்டை எங்க இருக்குன்னு நானே வாயால சொல்லிக் கொடுத்துட்டேன். பதினேழாவது நாற்காலியில யார் உக்காந்தாங்கன்னு நமக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும்."

கண்டக்டர் பூட்டைப் பார்த்தான், தெருவைப் பார்த்தான். "நமக்கு முன்னால அவரு போயிடுவாரு."

அவள் கண்ணை மூடினாள். பத்துப் பக்கம் ஒழுங்காகப் போட்ட ஒரு கை, பதினோராம் பக்கத்தில் திடீரென்று ஏன் மாறியது? பத்தாம் பக்கத்தில் எதையோ பார்த்துவிட்டது. மை குளம் கட்டும் அளவுக்குப் பேனாவை நிறுத்தி வைத்த ஒரு பெயரை. முன்பின் தெரியாதவர்கள் பெயருக்கு எவரும் அப்படி நிற்பதில்லை.

ஒரு தடவை கண்ணில் பட்ட வரி அவளுக்கு மறக்காது. பத்தாம் பக்கம், பதினேழாவது வரி, நாலாவது லைன், பதினோராம் வீடு.

"ஆட்டோவைக் கூப்பிடு."

குவார்ட்டர்ஸின் நாலாவது லைனில் எல்லா வீடும் ஒரே அச்சு. ஒரு அறை, ஒரு ஜன்னல், தகரக் கூரை. பதினோராம் வீட்டு வாசலில் அறுபதைத் தாண்டிய ஒரு பெண்மணி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். மில்லில் அறுந்த நூலை முடிச்சுப் போட்ட கைகள், விரல் நுனியெல்லாம் தழும்பு.

"உங்க வீட்டுல எழுதற வேலைக்கு யாராவது போறாங்களாம்மா?"

"என் மகதான். பட்டியல் சரிபாக்கற வேலை, தற்காலிகம்" என்றாள் அந்த அம்மா. முகத்தில் ஒரு பெருமை. "இப்பத்தான் ஆபீஸ் கார் வந்து கூட்டிட்டுப் போச்சு. வேலையை நிரந்தரம் பண்றாங்களாம், உடனே வந்து கையெழுத்துப் போடணும்னாங்க. நீங்களும் அந்த ஆபீஸா?"

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

"கால் மணி இருக்கும்."

புரூஃப் அம்மா வாசல்படியில் உட்கார்ந்தாள். மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள், தான் போன் செய்தது உட்பட. அந்த அம்மா கையில் ஈரத் துணியோடு கேட்டுக்கொண்டே நின்றாள். துணியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"ஒம்பது நாளா அவ சரியாச் சாப்பிடல, தூங்கல" என்றாள் கடைசியில். "அசல் ரிஜிஸ்டர் மழையில நனைஞ்சுபோச்சு, அதைப் பாத்துப் புதுசு எழுதறோம்னு சொல்லித்தான் உக்கார வெச்சாங்களாம். பாதியில நிறுத்தினா சம்பளமும் இல்ல, வீடும் இல்லன்னாங்களாம். நேத்து ராத்திரி என்னமோ கேட்டா. 'அம்மா, உனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்னு யாராவது சொன்னா நீ என்ன பண்ணுவே'ன்னா. எனக்கு ஒண்ணும் விளங்கல."

"உங்களுக்குத் தெரியாதா?"

அந்த அம்மா இடது கட்டைவிரலைக் காட்டினாள். "எனக்கு இதுதான். இந்த லைன்ல பாதிப் பேருக்கு இதுதான். வக்கீல் ஆபீஸ்ல வக்காலத்துக்குக்கூட கைநாட்டுதான் வெச்சேன். அவரே என் விரலைப் பிடிச்சு மையில அமுக்கினாரு."

புரூஃப் அம்மாவின் கண்முன் இருபத்தெட்டுப் பக்கமும் ஒன்றன்பின் ஒன்றாகப் புரண்டன. ஆயிரத்து நூற்றிருபது வரி. மில் தொழிலாளர் குடியிருப்பு. ஒரு கைநாட்டுகூட இல்லை. இருக்கிற பிழையைத் தேடித் தேடியே பழகிய கண்ணுக்கு, இல்லாத ஒன்று படவில்லை. ரொம்பப் படித்த வக்கீலுக்கும் அப்படித்தான். விரலைப் பிடித்து மையில் அமுக்கியவரே, ரிஜிஸ்டர் என்றதும் ஊரே கையெழுத்துப் போடும் என்று நினைத்துவிட்டார்.

"நீ அச்சகத்துக்குப் போ" என்றாள் கண்டக்டரிடம். "பின்பக்கம் பேப்பர் குடோனுக்கு ஒரு சந்து இருக்கு. உள்ள போகாதே. யார் வராங்க, யார் போறாங்கன்னு கண்ணை எடுக்காம நில்லு. கார் கிளம்பினா அடியில படுத்தாவது நிறுத்து."

"பஸ்ஸுக்கே பயந்ததில்ல, காருக்கா?" என்றான். ஆனால் குரல் அந்தப் பேச்சுக்கு ஒத்துழைக்கவில்லை.

இரண்டு இருபத்தைந்துக்கு இரு பெண்களும் கோர்ட் ஹால் வாசலை அடைந்தபோது, வக்கீல் தூணருகே நின்றுகொண்டிருந்தார். அவளைப் பார்த்துப் புன்னகைத்தார். அந்த அம்மாவைப் பார்த்ததும் புன்னகை அப்படியே நின்றது. பக்கத்தில் வந்து குனிந்து, ரகசியம் பேசுவதுபோலச் சொன்னார்.

"அந்தப் பொண்ணுக்கு எழுத்து ரொம்ப அழகு. அந்தக் கை பத்திரமா இருக்கணும்னுதான் எனக்கும் ஆசை. இன்னும் ஒரு மணி நேரம் எல்லாரும் அமைதியா இருந்தா, சாயந்திரம் அவ வீட்டுல இருப்பா."

கறுப்பு அங்கியைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார்.

புரூஃப் அம்மா அந்த அம்மா பக்கம் திரும்பினாள். "கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்மா. உங்க மக. நீங்க எது சொன்னாலும் அதுதான்."

அந்த அம்மா சுவரைப் பார்த்தபடி இருந்தாள். முப்பது வருஷம் இயந்திரச் சத்தத்தில் வேலை பார்த்தவள். ஹாலுக்குள் மின்விசிறி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"இருட்டுல ஒளிச்சு வெச்சதை இருட்டுலயே கேட்டா திரும்பி வராதும்மா" என்றாள். "நாலு பேர் முன்னால கேட்டாத்தான் வரும்."

வழக்கை அழைத்தார்கள். நீதிபதி ஐம்பது வயதுப் பெண்மணி, மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறவர். வக்கீல் எழுந்தார்.

"ரிஜிஸ்டரை எங்கள் தரப்பில் முழுமையாகப் பரிசீலித்தோம். சொல்வதற்கு எங்களிடம் ஆட்சேபம் ஏதுமில்லை."

பெஞ்சுகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த குவார்ட்டர்ஸ் மக்களிடையே ஒரு முனகல் எழுந்து அடங்கியது. நீதிபதி பேனாவை எடுத்தார்.

"அம்மா, நான் பேசணும்."

எல்லோரும் திரும்பினார்கள். வக்கீல், "இவர் என் கட்சிக்காரர், கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டு" என்று ஆரம்பித்தார்.

"எனக்கு இவரு வக்கீல் வேண்டாம். இந்த நிமிஷத்துலேருந்து நானே பேசிக்கறேன்" என்றாள் அந்த அம்மா. "முதல்ல என் மகளைப் பத்தி. மத்தியானம் இவர் அனுப்பின கார் வந்து அவளைக் கூட்டிட்டுப் போச்சு. பழைய அச்சகத்துல பூட்டி வெச்சிருக்காங்கன்னு நினைக்கறேன். அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா இவரைக் கேக்கணும். இதை நீங்க எழுதிக்கணும்."

நீதிபதியின் பேனா அந்தரத்தில் நின்றது. ஸ்டெனோ எழுதிக்கொண்டிருந்தார்.

"ரெண்டாவது, அந்தப் புஸ்தகத்துல பத்தாம் பக்கம் பதினேழாவது வரி நான்தானாம். வக்காலத்துலயும் நான் இருக்கேன். ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்கம்மா."

வக்கீல் எதையோ சொல்ல வாயெடுத்தார். நீதிபதி கையைக் காட்டினார், அவர் வாய் மூடிக்கொண்டது. கட்டுப் பிரிக்கும் சத்தம். ஒரு பக்கம் பச்சை ரிஜிஸ்டர், அதில் சுழித்து வளைந்த அழகான கையெழுத்து. மறுபக்கம் வக்காலத்து, அதே பெயருக்கு நேராக ஒரு கறுப்புக் கட்டைவிரல் ரேகை. கீழே, 'என் முன்னிலையில் வைக்கப்பட்டது' என்று வக்கீலின் சொந்தக் கையெழுத்து.

நீதிபதி வக்காலத்தைப் புரட்டினார். ஒரு பக்கம், இரண்டு பக்கம், நாலு பக்கம். வரிசை வரிசையாகக் கட்டைவிரல்கள். அப்புறம் ரிஜிஸ்டரை முதலிலிருந்து கடைசி வரை நிதானமாகத் தள்ளினார்.

"வக்கீல் சார்" என்றார். "நோட்டீஸ் வாங்கின அன்னைக்கு இவங்க எல்லாருக்கும் எழுதத் தெரிஞ்சிருக்கு. உங்க ஆபீஸுக்கு வந்தப்போ மறந்துபோச்சா?"

அங்கேயே உத்தரவு போட்டார். ரிஜிஸ்டருக்கு அரக்கு முத்திரை. ஆயிரத்து நூற்றிருபது பெயரும் மறு உத்தரவு வரை பட்டியலில் இருக்கும், ஒன்பதாம் நாள் அவர்கள் ஓட்டுப் போடலாம். அச்சகத்துக்கு உடனே போலீஸ். அதுவரை வக்கீல் இந்த ஹாலை விட்டு நகரக் கூடாது.

வெளியே வராந்தாவில் நேரம் ஊர்ந்தது. மூன்றரை. நாலு. புரூஃப் அம்மா கண்டக்டருக்கு ஏழு தடவை போன் செய்துவிட்டாள், மணி அடித்து அடித்து நின்றது. அந்த அம்மா மடியில் வைத்த கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்து மணிக்கு ஜீப் வந்தது. முதலில் இறங்கியது கண்டக்டர். சட்டை கிழிந்து, முழங்கை சிராய்த்து, உதட்டில் ரத்தம் காய்ந்திருந்தது. அண்ணியைப் பார்த்தான். ஏதாவது ஒரு நக்கல் வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை. "குடோன்ல இருந்தா அண்ணி" என்று மட்டும் சொன்னான். "கார்ல ஏத்தப் பாத்தாங்க. கொஞ்ச நேரம் பிடிச்சு நிறுத்தி வெச்சேன்."

பின்னால் ஒரு பெண் போலீஸின் கையைப் பிடித்துக்கொண்டு மகள் இறங்கினாள். இருபத்துமூன்று, இருபத்துநாலு வயதிருக்கும். வலது கையில் துணி சுற்றியிருந்தது. யாரோ அந்தக் கையை மிதித்திருந்தார்கள். வாக்குமூலம் வாங்க வேண்டும், இவள் பெயரும் குற்றப் பத்திரிகையில் வரும், சாட்சியாக மாறினால் கோர்ட் பார்த்துக்கொள்ளும் என்றார் பெண் போலீஸ். இன்னும் முப்பத்தொன்பது பேரைத் தேட வேண்டும் என்றார். அதில் எத்தனை பேர் இந்நேரம் ஊரில் இருப்பார்களோ என்று தனக்குள் சொல்வதுபோல முடித்தார்.

மகள் தாயின் முகத்தைப் பார்க்கவில்லை. "உன் பேரைத் தெரிஞ்சேதான் போட்டேம்மா" என்றாள். "போடாம எழுந்து வந்திருக்கணும். பயமா இருந்துச்சு. அடுத்த பக்கத்துலேருந்து என்னால முடிஞ்சதைப் பண்ணேன்."

அந்த அம்மா மகளின் துணி சுற்றிய கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் எடுத்துக்கொண்டாள்.

"ஜட்ஜம்மா அந்தப் பக்கத்தை என்கிட்டயும் காட்டினாங்க" என்றாள். "என் பேரை எழுத்துல நான் பாத்ததே இல்ல. இத்தனை நீளமா இருக்கும்னு தெரியாது." அந்தத் துணியை மெல்லத் தடவினாள். "கை சரியானதும் அதை ஒரு பேப்பர்ல எழுதிக் குடு. நான் பாத்துப் பாத்துப் போட்டுப் பழகறேன்."